சுமார் ஐந்தரை மணி

நீதிமன்றத்துக்குப் புதிதாக எழுத்தர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் உச்சரிப்பைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முப்பத்திரண்டு வருஷம் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு மேசை போட்டு உட்கார்ந்து, சாட்சிகள் வாயால் சொன்னதைக் காகிதத்தில் இறக்கியவன் நான். யார் வாயிலிருந்து எந்த எழுத்து வழுக்கி விழுந்தாலும் என் முகம் சுளிக்கும். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ழகரம்' என்று பேர் இருந்ததும் எனக்குத் தெரியும்.

சுளிப்பு இன்னும் போகவில்லை. போன மாதம் உங்களில் ஒருவர், வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த தம்பி, பத்திரத்தில் நாலெல்லை வாசித்தார். கிழக்கு அவர் வாயில் 'கெலக்கு' ஆயிற்று. நம்முடைய மண்ணில் எழுதப்படிக்கத் தெரியாத கிழவிகூட ழகரத்தைக் கைவிட்டதில்லை, பி.ஏ. படித்தவர் கைவிட்டுவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு தம்பிக்கு 'வந்து' இல்லாமல் வாக்கியம் கிளம்பாது. வந்து அவர் வந்து நேற்று வந்து வந்தார் என்பார். ரேடியோவைக் கேட்டுக் கேட்டு மூக்கால் பேசக் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பட்டியல் உண்டு.

ஆனால் அந்தப் பட்டியலை நான் தரப்போவதில்லை. அதே நாக்கு நமைச்சல் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதைச் சொல்லப் போகிறேன். இதை எழுத உட்கார்ந்தபோது என் மனைவி, "இம்புட்டு காலம் கழிச்சு இத எழுதத்தான் வேணுமா?" என்று கேட்டாள். வேண்டும் என்றேன். அவளுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. கல்யாணமான முதல் வருஷம் முழுக்க அவள் பேச்சைத் திருத்திக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் என்னிடம் ஏதாவது சொல்ல வந்தால் ஒரு நொடி நின்று, வாய்க்குள் சரிபார்த்துக்கொண்டுதான் பேசுகிறாள்.

இந்த நோய் எனக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மகாராஜா ஆண்ட காலம் அது. நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. பேச்சிப்பாறை அணைக்குக் கீழே, மலையடிவாரத்து ஊர் எனக்கு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வீட்டில் நாங்கள் தண்ணீரை வெள்ளம் என்போம்; சொன்னேன் என்பதற்குப் பறஞ்சேன் என்போம். என்னுடைய என்பதெல்லாம் எங்களுக்கு 'எனக்க' தான். பன்னிரண்டு வயதில் நாகர்கோயில் உயர்நிலைப்பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாள் வாசிப்பு வகுப்பில் எழுந்து ஒரு பாராவை வாசித்தேன். எங்கள் ஊர்ப் பேச்சு கொஞ்சம் இழுத்து, ஏறி இறங்கித்தான் வரும். வகுப்பே சிரித்தது. ஒரு பையன் நான் வாசித்ததை அப்படியே ராகம் போட்டுப் பாடிக் காட்டினான். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. என் ஊரை என் நாக்கிலிருந்து துடைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மூன்றாம் வருஷம் அதே பள்ளியில் வாசிப்புக்குப் பரிசு வாங்கினேன். வாங்கியவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். மற்றவர் நாக்கையும் துடைக்கக் கிளம்பினேன்.

இருபதுகளின் நடுவில் ஒரு சின்ன நீதிமன்றத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டைப்பையில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம். வக்கீல், சாட்சி, போலீஸ்காரர், சேவகர் எல்லாருடைய வாயும் அதில் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதைப் படித்துச் சிரிப்பேன்.

முதல் எச்சரிக்கை அங்கேயே கிடைத்தது. கட்சிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் சேவகர் ஒருவர் இருந்தார். பேரை ஓர் இழுப்பு இழுத்து, கடைசி எழுத்தை வானத்துக்கு ஏற்றி விடுவார். எனக்குக் காது கூசும். மாஜிஸ்திரேட்டிடம் நைசாகப் போட்டுக் கொடுத்தேன். அவரை உள்வேலைக்கு மாற்றி, திருத்தமாகப் பேசும் ஒரு மெலிந்த ஆளை வாசலில் நிறுத்தினார்கள். அந்த வாரமே இரண்டு வழக்கில் கட்சிக்காரர் ஆஜரில்லை என்று தள்ளுபடி ஆயிற்று. அவர்கள் எங்கும் போகவில்லை, அறுபது அடி தள்ளிப் புளியமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். திருத்தமான குரல் அவ்வளவு தூரம் போகவில்லை. பழைய சேவகர் என்னைப் பார்த்து, "பாட்டு நல்லால்ல, ஆனா ஆள் வந்துச்சுல்லா சாரே" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரைத் திரும்ப வாசலுக்கு அனுப்பினார்கள். நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

இனி செல்லையன் வழக்கு. முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது.

செல்லையன் மாட்டு வண்டிக்காரர். பூதப்பாண்டிப் பக்கம் ஒரு நிலக்காரருக்கும் அவருக்கும் வாய்க்கால் மடையில் வாய்த்தகராறு. ஒரு வாரம் கழிந்து, ஒரு சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில், நிலக்காரருடைய வைக்கோற்படப்பு எரிந்தது. படப்புக்குப் பக்கத்துத் தொழுவமும் எரிந்து, உள்ளே கட்டிக் கிடந்த இரண்டு பசுக்கள் வெந்து செத்தன. செல்லையன் ஓடுவதைக் கண்டேன் என்று நிலக்காரரின் வேலையாள் சொன்னார். செல்லையனைப் பிடித்து வழக்கில் எதிரியாகச் சேர்த்துவிட்டார்கள்.

செல்லையன் சொன்னது, தான் அன்று ஊரிலேயே இல்லை என்று. தக்கலைச் சந்தைக்கு வண்டி கொண்டு போயிருந்தாராம். சாயங்காலம் அச்சாணி கழன்று, அங்கேயே கிடந்தாராம். தக்கலைக்கும் பூதப்பாண்டிக்கும் வண்டியில் நாலு மணி நேர வழி. சாயங்காலம் தக்கலையில் நின்றவர் விளக்கு வைக்கும் நேரத்தில் பூதப்பாண்டியில் தீ வைத்திருக்க முடியாது. ஆகவே வழக்கு முழுவதும் ஒரே ஒரு விஷயத்தில் நின்றது. அன்று சாயங்காலம் அவர் தக்கலையில் இருந்தாரா, எந்த நேரத்தில்?

அவருக்காக நாலு பேர் கூண்டேறினார்கள். அப்போதைய முறையைச் சொல்லிவிடுகிறேன். சாட்சி பேசப்பேச நான் தமிழில் எழுதுவேன். மாஜிஸ்திரேட் தனக்காக ஆங்கிலத்தில் இரண்டொரு வரி குறித்துக்கொள்வார். முடிந்ததும் நான் எழுதியதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டி, சரி என்று ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கவேண்டும். அதன்கீழே 'சாட்சி சொன்னபடி எழுதப்பட்டது' என்று என் கையால் எழுதுவேன்.

முதலில் செல்லையன் மனைவி பாக்கியம். கணவரோடு வண்டியில் போயிருந்தவள். மேற்குப் பக்கத்துப் பெண். அவள் வாயைத் திறந்ததும் எனக்கு என் ஊர் கேட்டது. அதனாலேயே எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. எந்த நேரம் என்று வக்கீல் கேட்டார்.

"நேரமா? அவிய காளைக்கு வெள்ளம் காட்டிட்டு நிமிந்தாவ, அப்பம் கோயில்ல ஜெபக்கூட்டத்துக்கு முதல் மணி அடிச்சு. நான் ஏசுனேன். பொழுது மேக்க சாஞ்சாச்சு, பிள்ளைய தனியாட்டு கெடக்கு, இஞ்ச நின்னு வர்த்தமானம் பறஞ்சுட்டு நிக்கியளேன்னு. அவிய ஒண்ணும் பறயல. சிரிச்சாவ. அச்சாணிய எடுத்துக் காட்டுனாவ."

சொல்லும்போது கூண்டில் நிற்கும் கணவரைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்து, பிறகு அழுகை வந்தது. நான் எழுதினேன்: 'அன்று மாலை சுமார் ஐந்தரை மணியளவில், எதிரி தமது மாட்டு வண்டியுடன் தக்கலைச் சந்தைக்கு அருகில் நிற்கக் கண்டேன். வண்டியின் அச்சாணி பழுதடைந்திருந்தது.' முதல் மணி ஐந்தரைக்கு அடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நாங்களும் வேதக்கோயிலுக்குப் போகிற சபைக்காரர்கள்தானே.

இரண்டாவது, மரச்சீனிக்கிழங்கு விற்கும் ஒரு பெண்பிள்ளை. "எனக்க நெழலு ரோட்டுக்கு அங்கோட்டு ஓடைக்குள்ள விழுந்தா நான் கூடையக் கமத்துவேன். கமத்தப்போற நேரம் இவன் வந்து, அக்கா ரெண்டு கெழங்கு தான்னு நின்னான். தீந்துபோச்சு மக்கா போன்னு விட்டேன். பசிச்ச மொகமாட்டு இருந்து. குடுத்திருக்கலாம்." நான் எழுதினேன்: 'மாலை சுமார் ஐந்தரை மணியளவில் எதிரியைக் கண்டேன்.'

காப்பிக்கடைக்காரர், நாகர்கோயில் பஸ் போய்விட்டது, திருவனந்தபுரம் பஸ் இன்னும் வரவில்லை, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் செல்லையன் ஒரு கயிறு கேட்டு வந்ததாகச் சொன்னார். கோயிலில் மணியடிக்கும் பெரியவரோ கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். "கோயில் நடைக்கு முன்னால குறுக்க போட்டிருக்கான் வண்டிய! ஏலே மாத்திப் போடுலேன்னு சத்தம் போட்டுட்டுத்தான் நான் மணிக்கயித்தப் புடிச்சேன். கேட்டியளா, சபைக்காரங்க எப்பிடி உள்ள போவா?" அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். இரண்டு பேருக்கும் நான் ஐந்தரை மணி போட்டேன்.

நேரத்தில் நான் பிழை செய்யவில்லை. நாலு பேரும் காட்டியது அந்த நேரத்தைத்தான். அவர்கள் பேசக் கேட்ட எவனுக்கும் செல்லையன் தக்கலையில் இருந்தார் என்பதில் சந்தேகம் வந்திருக்காது. நிழலையும் பஸ்ஸையும் மணியையும் கட்டிப் பேசுகிறவர்கள் பொய் சொல்லி அப்படி ஒத்துப்போக முடியாது. அந்த நிழலையும் பஸ்ஸையும் கயிற்றையும் கிழங்கையும் நான் அழுக்கென்று கழுவிக் கொட்டினேன். மிச்சம் இருந்தது நாலு காகிதத்தில் ஒரே வாக்கியம்.

பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ஏமானே, இது நான் பறஞ்சதா?"

"நீ சொன்னதுதான். ஒழுங்காக எழுதியிருக்கிறேன்."

"எம்புட்டு அழகாட்டு இருக்கு! எனக்க வாயில இருந்து இப்பிடியும் வருமா?" பிறகு கொஞ்சம் தயங்கினாள். "காளைக்கு வெள்ளம் காட்டுனது இதுல இல்லியே?"

"அது தேவையில்லை."

"மணி அடிச்சது?"

"ஐந்தரை என்று போட்டிருக்கிறேன் அல்லவா? அதுதான் மணி."

எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினாள். பெருவிரலை மையில் தொட்டு அழுத்தமாக வைத்தாள். அவள் விரலைத் துடைக்க ஒரு காகிதத்துண்டு கொடுத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

வக்கீலுக்கு நகல் எடுத்துக் கொடுத்த எழுத்தர் என் வயதுக்காரர், கிண்டல் பிடித்த ஆள். நாலு வாக்குமூலத்தையும் எழுதி முடித்துவிட்டு, "நாலுக்கும் ஒரே நகல் போதும் போலிருக்கே வே. தக்கலைச் சந்தையில எல்லாவனும் கைக்கடியாரமா கட்டியிருக்கான்?" என்றார். என் கையெழுத்தும் நடையும் அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தீர்ப்புக்கு முன்னால் மாஜிஸ்திரேட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அந்த நாலு பேரும் பேசியதைக் கேட்ட காது அவரோடு போய்விட்டது. இப்படி ஆள் மாறினால், புதிதாக வருகிறவர் எழுதியிருப்பதை வாசித்தே தீர்ப்புச் சொல்லலாம். அல்லது சாட்சிகளை மறுபடி கூப்பிட்டு விசாரிக்கும்படி எதிரி கேட்கலாம். செல்லையனின் வக்கீல் என்னிடம் வந்தார். இளம் வக்கீல், என்மேல் மரியாதை உண்டு.

"என்ன வே, மறுவிசாரணை கேக்கட்டா? அவிய நாலு பேரையும் இன்னொரு தரம் கூட்டிட்டு வரணும். கூலி வேலைக்காரங்க, ரெண்டு நாள் போயிரும்."

"எதற்கு? பதிவு முத்து முத்தாக இருக்கிறது. மறுபடி கூண்டேற்றினால் என்ன உளறுவார்களோ?" என்றேன்.

கேட்காமலே வந்த நல்வாய்ப்பை அப்படித் தட்டிவிட்டேன். வக்கீல் மறுவிசாரணை கேட்கவில்லை.

புதிய மாஜிஸ்திரேட் நிதானமானவர். வழக்குக் கட்டு முழுவதையும் இரண்டு நாள் வாசித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அந்த நாலு காகிதமும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்தரை மணியின் அடியில் சிவப்புப் பென்சில் கோடு.

"இந்த நாலு பேரும் படித்தவர்களா?"

"இல்லை."

"கடிகாரம் வைத்திருக்கிறவர்களா?"

"தெரியவில்லை."

"ஒரு மரச்சீனி விற்கிற பெண் 'மணியளவில்' என்று பேசுவாளா? யாரோ பாடம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்ததுபோல இருக்கிறதே." கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீர் பக்கத்தில் இருந்தவர். கேட்கிறேன், சொல்லும். இவை சாட்சிகள் சொன்ன வார்த்தைகள்தானா?"

தம்பிமாரே, தங்கைமாரே, நான் இதை எழுதுவதே அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். 'இல்லை ஐயா, வார்த்தைகள் என்னுடையவை, விஷயம் அவர்களுடையது, மறுபடி கூப்பிட்டுக் கேளுங்கள்' என்றால் போதும். மூச்சுவிடும் நேரத்தில் சொல்லி முடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் 'சாட்சி சொன்னபடி எழுதப்பட்டது' என்று என் கையெழுத்து இருந்தது. பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழெட்டு வருஷமாக நான் எழுதிய கட்டுகளை எல்லாம் பிரிப்பார்கள். வேலை போகலாம். ஒருவேளை வேலை போகாது, திட்டோடு விட்டிருப்பார். அதையும் அப்போதே நினைத்தேன். வேலையைவிட எனக்குப் பெரிதாக இருந்தது வேறொன்று. நல்ல தமிழ் எழுதுகிறவன் என்ற பேர்தான் எனக்கு இருந்த ஒரே சொத்து. அந்த நல்ல தமிழ்தான் குற்றம் என்று என் வாயால் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"ஆம் ஐயா, சொன்னபடியே எழுதியிருக்கிறேன்" என்றேன். எழுத்துப் பிசகாமல், தெளிவாகச் சொன்னேன்.

"சரி, போம்" என்றார்.

செல்லையனுக்கு இரண்டு வருஷம் கடுங்காவல். நாலு சாட்சிகளும் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தவர்கள், அவர்களை நம்புவதற்கில்லை என்று தீர்ப்பில் இருந்தது. அதையும் நான்தான் கட்டில் கோத்தேன். மேல்முறையீடு செய்தார்கள். அங்கும் போனது அதே நாலு காகிதம்தான்; நிற்கவில்லை.

தீர்ப்பு வந்த அன்று பாக்கியம் நீதிமன்றத்து வராந்தாவில் எனக்காகக் காத்து நின்றாள். வக்கீல் அவளுக்குக் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. சண்டைக்கு வரவில்லை. என்னைத் தெரிந்த ஆள் என்று நினைத்து வந்திருந்தாள்.

"ஏமானே, நீங்கதானே எழுதினிய. நான் ஐந்தரைன்னு பறயவே இல்லியே? எனக்கு மணி பாக்கத் தெரியாது. நான் அப்பிடிப் பறஞ்சேன்னு வக்கீலு பறயுதாவ."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எத்தனை வருஷமாயிற்று, இன்னும் அதை நினைத்தால் உட்கார்ந்த இடத்தில் முகம் எரிகிறது. உண்மையைச் சொல்லாமல் வாய் தன் பழக்கத்துக்குப் போனது.

"பறயவில்லை என்று சொல்லாதே. சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். ஏதோ புரிந்ததுபோல மெல்லத் தலையை ஆட்டினாள்.

"அதுனாலயா ஏமானே? நான் ஒழுங்காட்டு பேசாததுனாலயா அவியள உள்ள போட்டாவ?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். பின்னால் அவள் யாரிடமோ, "எனக்க வாயால போச்சு" என்று சொல்லி அழுவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த நோட்டை அடுப்பில் போட்டேன். மறுநாளிலிருந்து சாட்சி சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். வெள்ளம் என்றால் வெள்ளம், பறஞ்சேன் என்றால் பறஞ்சேன். சில மாஜிஸ்திரேட்டுகள் முகம் சுளித்தார்கள், என் நடை கெட்டுவிட்டது என்றார்கள். கெடட்டும் என்று இருந்தேன். அதைப் பெரிய பிராயச்சித்தமாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. புதிய மாஜிஸ்திரேட் இன்னும் மூன்று வருஷம் அதே அறையில்தான் இருந்தார். தினமும் அவர் முன்னால் நின்றேன். செல்லையன் உள்ளே இருந்த நாளெல்லாம் அந்தக் கதவு எனக்குத் திறந்தே இருந்தது.

செல்லையன் வெளியே வந்தபோது காளையும் இல்லை, வண்டியும் இல்லை. கூலிக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

அதற்கும் இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஒரு வேலையாகத் தக்கலைக்குப் போயிருந்தேன். திரும்பிவர ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் கூடைக்காரிகள் நாலைந்து பேர் கடைபோட்டு உட்கார்ந்து ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தார்கள். யாரிடம் என்று பார்க்காமல், "நாகர்கோயில் பஸ் எப்போது வரும்?" என்று கேட்டேன்.

"அதுவா, எனக்க நெழலு அந்த ஓடைக்க..." என்று உற்சாகமாக ஆரம்பித்த குரல் நின்றது. திரும்பினேன். பாக்கியம். அவளும் இப்போது அங்கே கூடை வைத்து உட்கார்ந்திருந்தாள்; என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பயந்தாள். அவசரமாக எழுந்து நின்று, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள்.

"மாலை, சுமார், ஐந்தரை, மணியளவில், ஐயா."

மற்றக் கூடைக்காரிகள் சிரித்தார்கள். "ஏட்டி, என்னட்டி கோர்ட்டுக் கச்சேரித் தமிழெல்லாம் வருது?" என்றாள் ஒருத்தி. பாக்கியம் சிரிக்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்டேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

'நீ அன்றைக்கும் சரியாகத்தான் பேசினாய், பிழை என்னுடையது' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

உச்சரிப்பைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். உங்களில் யாராவது தக்கலைப் பக்கம் போனால், பாக்கியம் என்ற பெயரில் ஒரு வண்டிக்காரர் மனைவி இருக்கிறாளா என்று விசாரியுங்கள். இருந்தால் இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் அவள் என்ன சொல்கிறாளோ, அதை அவள் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.